ஐம்பத்து நான்காவது தையல்

உங்கள் இடது தோளில் இருக்கிற சின்னம் ஒரு நூலளவு சாய்ந்திருக்கிறது, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. உட்கார்ந்ததிலிருந்து கண்ணை உறுத்துகிறது, அதைச் சொல்லிவிட்டால்தான் மற்றதைக் கோர்வையாகச் சொல்ல வரும். தைத்தவர் மேல் விளிம்பை அளந்துவிட்டு, கீழ் விளிம்பைக் கண்ணளவுக்கு விட்டிருக்கிறார். எல்லாரும் செய்கிற தப்புதான்.

தண்ணீர் வேண்டாம், டீ வந்தால் குடிப்பேன். வெறும் வயிற்றோடு கிளம்பி வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து சுற்றுலா கூட்டிப்போகிற நாளில் பிள்ளைகளுக்குச் சோறு இறங்காதே, அப்படி ஒரு குதூகலம் காலையிலிருந்து எனக்கு. நானாகவே வந்தேன் என்பதைத் தட்டச்சு செய்கிறவர் முதல் வரியிலேயே போட்டுக்கொள்ளட்டும். வந்து பார்த்தால் என் மனைவி எனக்கு முன்னாலேயே வந்து போயிருக்கிறாள், துணியும் உங்கள் மேசைமேல் இருக்கிறது. இருக்கட்டும். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் என்னை முந்தாத நாள் ஒன்று உண்டா.

நான் பொறியாளர் படைப்பிரிவில் சின்னங்கள் பகுதியின் எழுத்தர். பத்தொன்பது வருஷம் ஆகிறது. பேர்தான் பெரிது. ஒரு அறை, இரண்டு இரும்பு அலமாரி, சாத்தினால் திறக்காத ஒரு ஜன்னல், அவ்வளவுதான். தோள் சின்னம், தொப்பி வில்லை, கொடி, லாரிக் கதவில் ஒட்டுகிற படம், பாலத்தின் தலைப்பில் பொருத்துகிற தகடு எல்லாம் என் கைபட்டுத்தான் வெளியே போகும். மற்றவர்கள் என் அறையைத் துணிக்கடை என்பார்கள். நானும் விடாமல், "என்ன கலர் காட்டட்டும்?" என்று கேட்பேன்.

எங்கள் சின்னத்தைப் பற்றிச் சொன்னால்தான் நடந்தது புரியும். நீலக் கேடயம், கீழ்ப்பாதியில் வெள்ளி அலை, அலைமேல் வெள்ளிப் பாலம், பாலத்தின்மேல் ஒரு காவல் கோபுரம். பாலத்தில் இருக்கிற ஒவ்வொரு வளைவும் ஒரு ஆள். பாலம் கட்டுகிற வேலையில் எங்கள் ஆள் ஒருவர் இறந்து, அந்தப் பாலமும் கட்டி முடிந்து, அதன்மேல் வண்டி ஓடினால் சின்னத்தில் ஒரு வளைவு கூடும். காய்ச்சலில் போனால் கிடையாது. பாலம் பாதியில் நின்றாலும் கிடையாது. தன் சொந்த அஜாக்கிரதையால் போனாலும் கிடையாது. வளைவின் உச்சியில் ஒரு கல் இருக்கும், நடுக்கல் என்போம். அதைக் கொடியில் தங்க நூலால் தைப்பது வழக்கம். இறந்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை தையல். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வருஷாந்திர விருந்தில் தளபதி வளைவுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார், அந்தந்த ஆளுக்காக ஒருவர் எழுந்து "இருக்கேன்" என்பார். பத்தொன்பது வருஷமாகக் கேட்கிறேன், இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கும்.

ஆரம்பத்தில் மூன்று வளைவு, முதல் பாலத்தில் போன மூன்று பேர். கோபுரம் நடு வளைவுக்கு நேர் மேலே, கண்ணுக்குக் குளுமையாக இருந்திருக்கும். பழைய பொத்தான்களில் பார்த்திருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்வதற்கு ஒரு வருஷம் முன்னால் நாலாவது வந்தது. புதிய வளைவை முதலில் வலப்பக்கம், அடுத்ததை இடப்பக்கம் சேர்க்க வேண்டும், பழையதை நகர்த்தக் கூடாது என்பது விதி. ஆக வலப்பக்கம் இரண்டு வளைவு, இடப்பக்கம் ஒன்று. மொட்டைமாடியின் ஓரத்தில் வைத்த தண்ணீர்த் தொட்டி மாதிரி கோபுரம் ஒருபக்கமாக நிற்கிறது. பக்கத்துப் பிரிவுக்காரர்கள் எங்கள் சின்னத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கன்னம் வீங்கின மாதிரி இருக்கிறது என்று எங்களுக்குப் 'பல்வலிப் படை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அணிவகுப்பில் நாங்கள் போனால் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நிற்பார்கள். எங்கள் ஆட்களே சிரிப்பார்கள். எனக்குத்தான் வயிறு எரியும். ஒரு நாளைக்கு நூறு தடவை அந்தக் கோணலைக் கையில் எடுத்துப் பார்ப்பவன் நான்தானே.

சரி, ஐந்தாவது ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். அதற்கு ஒரே ஒரு காரணம் என் மச்சான்.

என் மனைவியின் அண்ணன். பிரிவில் அவருக்குச் சுத்தியல் என்று பேர். பாலம் கட்டி முடிந்ததும் ஒவ்வொரு ஆணியையும் தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்து நல்லது கெட்டது சொல்கிற மேற்பார்வையாளர். ஒரு சாண் நீளச் சுத்தியல் எப்போதும் இடுப்பில் தொங்கும். என் கல்யாண மேடையையே தட்டிப் பார்த்தவர். எங்கள் வீட்டுக்கு வந்தால் நாற்காலியைத் தட்டாமல் உட்கார மாட்டார். ஒருமுறை கட்டிலைத் தட்டிவிட்டு, "மச்சான், இந்தக் கால் பொய் சொல்லுது" என்றார். மறுவாரம் அந்தக் கால் உடைந்தது. சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்துவிட்டது.

நாலாவது வளைவு அவருடைய கூடாரத் தோழன். நடுக்கல்லில் இருபத்தாறு தையல். அந்தப் பையன் விழுந்த அன்றைக்கு ஆணி பார்க்க வேண்டிய முறை இன்னொருவருடையது, அவர் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் என் மச்சான் சுத்தியலை எடுத்தார், கீழே வைக்கவே இல்லை. விருந்தில் நாலாவது வளைவைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பது அவர்தான். "இருக்கேன்" என்பார். உட்கார்ந்ததும் என் காதில் வருஷம் தவறாமல் ஒன்றையே சொல்வார்: "நாலோட நிறுத்தணும் மச்சான். நான் ஓய்வு வாங்குற வரைக்கும் நாலோட நிறுத்திட்டேன்னா அது போதும் எனக்கு."

நான் தலையாட்டுவேன். என் கண் அவர் தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிற கோபுரத்தின்மேல் இருக்கும்.

அவர் இருந்தவரை இரண்டு முறை கிட்டத்தட்ட வந்தது. ஒருமுறை வெல்டர் ஒருவர் ஆற்றில் விழுந்தார். செய்தி கேட்டதும் ஓடிப்போய் வரைபடத் தாளை எடுத்து விரித்தேன். அரைமணி நேரத்தில் ஆள் உயிரோடு கரையேறி, பூட்ஸுக்குள் ஒரு மீனையும் கொண்டுவந்துவிட்டார். எல்லாரும் அவரைத் தோளில் தூக்கி ஆடினார்கள், நானும் ஆடினேன். அறைக்கு வந்து தாளைச் சுருட்டும்போதுதான் துக்கமாக இருந்தது. அவர் இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் பிழைத்தார். கட்டச் சொல்லி விரட்டியது சுத்தியல் மச்சான். இன்னொரு முறை ஒரு சமையல்காரர் பாலம் கட்டுகிற இடத்தில் இறந்தார். ஆனால் குளியலறையில் வழுக்கி விழுந்து. அதற்கு எந்த விதியிலும் இடமில்லை, இரண்டு நாள் புரட்டிப் பார்த்தேன்.

இப்படியே போயிருந்தால் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். இந்த வருஷம் பிரிவுக்கு நூறாவது ஆண்டு. விழாவன்று சின்னத்தைக் கல்லில் வெட்டி நுழைவாயிலில் பதிக்கிறார்கள், புதுக் கொடி ஏற்றுகிறார்கள். அதோடு சின்னம் முடிந்தது, இனி யார் இறந்தாலும் பெயரைப் பலகையில் எழுதுவார்களே தவிர வளைவு கூட்ட மாட்டார்கள் என்று சுற்றறிக்கை வந்தது. அதை எல்லாருக்கும் பிரதி எடுத்து அனுப்பியவனே நான்தான். நாற்பத்தொரு பிரதி. கோணல் கோணலாகவே, கல்லில், காலத்துக்கும். விழாவுக்கு அடுத்த மாதம் சுத்தியல் மச்சானுக்கு ஓய்வு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குச் சட்டென்று மனசு லேசாகிவிட்டது, ஐயா. கணக்கு வாத்தியார் கரும்பலகையில் விடையைப் போட்டதும், அட இவ்வளவுதானா என்று தோன்றுமே, அதுதான்.

அவர்மேல் எனக்குக் கோபமே கிடையாது. யோசித்துத்தான் முடிவு செய்தேன். மற்றவர்களுக்கெல்லாம் குழந்தை குட்டி இருக்கிறது. அவர் தனிக்கட்டை. ஓய்வு பெற்று என்ன செய்யப் போகிறார், ஊரிலிருக்கிற கதவையெல்லாம் தட்டிக்கொண்டிருப்பார். அதோடு பாருங்கள், இந்தச் சின்னத்தில் ஓர் இடத்துக்கு அவரைவிடத் தகுதியான ஆள் யார் இருக்கிறார்கள். நாலாவது வளைவுக்காக அத்தனை வருஷம் எழுந்து நின்றவர். தோழன் ஒரு கோடியில், இவர் மறு கோடியில், நடுவில் கோபுரம். வரைந்து பார்த்தபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இம்மி பிசகாமல் நடுவில் நின்றது.

புதுக் கொடியைத் தைப்பது என் மனைவி. பிரிவின் தையல்கூடத்தில் அவள் கை வேலைக்கு ஈடு கிடையாது. கொடி பெரிது என்பதால் வளைவுகளைத் தனித்தனித் துண்டாக வீட்டில் தைத்து, பிறகு கேடயத்தில் பதிப்பாள். ஐந்தாவது துண்டு ஒன்றும் போடு என்றேன்.

"யாருக்குங்க?" என்றாள்.

"யாருக்கும் இல்ல. விழாக் கமிட்டிக்கு ஒரு மாதிரி காட்டணும்."

"நடுக்கல்லுல எத்தனை?"

"அம்பத்திமூணு போடு."

ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அது அண்ணன் வயசுங்க. அவர் காதுல விழுந்துச்சுன்னா, சுத்தியலோட வந்துடுவாரு." சிரித்தாள். நானும் சிரித்தேன். ஏதோ ஒரு எண், போடு என்றேன். முப்பது என்று சொல்லியிருக்கலாம், நாற்பது என்று சொல்லியிருக்கலாம், எவனுக்குத் தெரியப் போகிறது. ஆனால் தெரிந்தே தப்பான எண்ணைக் கொடுத்து ஒரு நடுக்கல்லைத் தைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் தொழிலில் அது பொய் சொல்வதற்குச் சமம்.

வெள்ளத்தில் போன பாலத்துக்குப் பதிலாக இரும்புப் பாலம் போடச் சொல்லி உத்தரவு வந்தது. அங்கே பழைய பாலத்தின் கல்தூண்கள் மட்டும் ஆற்றில் நின்றன. எங்கள் ஆட்கள் கிளம்ப வேண்டிய அன்று மழை பிடித்துக்கொண்டது. ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளுக்குள் மச்சானின் பிறந்தநாள் வந்தது. என் மனைவி கேக் செய்தாள். அவர் வெட்டுவதற்கு முன்னால் கேக்கைச் சுத்தியலால் மெல்லத் தட்டி, "வேகல" என்றார். அவள் கரண்டியால் அவர் முழங்கையில் ஒன்று போட்டாள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். சாப்பிடும்போதே, ஒரு தையல் கூடிவிட்டது, மறக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

பாலம் ஐந்தே நாளில் முடிந்தது. முதல் வண்டி போவதற்கு முன்னால் தலைப்பில் எங்கள் சின்னத் தகட்டைப் பொருத்த வேண்டும், அது என் வேலை. வேலை நடக்கிற இடத்துக்கு நான் ஸ்பேனரோடு போகிற ஒரே தருணம் அதுதான். நல்ல வெயில், ஆறு பளபளவென்று ஓடுகிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போல்ட்டை முடுக்கினேன். "துணிக்கடைக்கு இன்னைக்கு என்ன குஷி?" என்று லாரி டிரைவர் கேட்டார்.

கடைசிச் சோதனைக்கு மச்சான் பாலத்துக்கு அடியில் தொங்குபலகையில் இறங்குவார். பலகையை நாலு கொக்கிகள் பிடித்திருக்கும், ஒவ்வொரு கொக்கியும் கழன்றுவிடாமல் கட்டைவிரல் அளவில் ஒரு கிளிப். நாலு கிளிப்பையும் தட்டிப் பார்த்தார், எல்லாம் சரி. ஒரு காலை இறக்கப் போகும்போது கூப்பிட்டேன்.

"மச்சான், ஒரு நிமிஷம். தகடு நேரா இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க. உங்க கண்ணுதான் கண்ணு."

பன்னிரண்டு எட்டு நடந்து போனார். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். நான் கைப்பிடியில் சாய்ந்துகொண்டே ஒரு கிளிப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இதோ, இதுதான். உங்களிடம் கொடுக்கத்தான் கொண்டுவந்தேன், துணிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தார். "தகடு அம்சமா இருக்கு. இங்க எல்லாம் அப்படியே இருக்கா மச்சான்?"

"அப்படியே இருக்கு."

வேறு யாராவது நின்றிருந்தால் மறுபடியும் தட்டிப் பார்த்திருப்பார். நான் நின்றதால் தட்டவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஊரில் அவர் தட்டிப் பார்க்காமல் நம்பின ஒரே ஆள் நான்.

பலகை ஒருபக்கம் சரிந்தது. இடுப்பில் கயிறு இருந்தது, கயிறு பிடிக்கவும் பிடித்தது. ஆனால் பழைய கல்தூணும் அங்கேயேதான் நின்றது, கயிற்றில் ஆடிப்போய் அதில் மோதினார். உயிர் போக அதிக நேரம் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னார், எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து நிவாரணச் சாமான் ஏற்றின லாரி பாலத்தின்மேல் போனது. ஒரு கிறீச் சத்தம்கூட இல்லை. அவர் தட்டிப் பார்த்த பாலம், எப்படிச் சத்தம் வரும். எல்லாரும் அழுதார்கள், நானும் மனசு விட்டு அழுதேன். அந்த அழுகை நடிப்பு என்று என் மனைவி சொல்லியிருந்தால் அதை மட்டும் அடித்துவிடுங்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் மத்தியானம். அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அண்ணனின் சுத்தியலை மடியில் வைத்திருந்தாள். நான் அந்தத் துண்டையும் தங்க நூலையும் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். விழாவுக்குப் பதினோரு நாள்தான் இருந்தது.

"ஒரு தையல் கூட்டிடும்மா," என்றேன். "அன்னைக்கு அம்பத்திமூணுதானே போட்டோம். இப்ப அம்பத்திநாலு."

அவள் துண்டைக் கையில் எடுத்தாள். நடுக்கல்லை விரல் நகத்தால் ஒவ்வொரு தையலாக எண்ணினாள், முழுக்க எண்ணினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணன் கேக் வெட்டுறப்ப இது தைச்சு முடிச்சு அலமாரில இருந்துச்சுல்ல?" என்றாள்.

"இருந்துச்சு."

"நான்தான் தைச்சேன்."

"உன்னைவிட யார் இவ்வளவு அழகா தைப்பாங்க," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவள் எழுந்து, சுத்தியலையும் துண்டையும் எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் போய்விட்டாள். துக்கத்தில் இருக்கிறவளை எதற்குத் தடுப்பது என்று விட்டுவிட்டேன்.

நேற்று உங்கள் முதல் அறிக்கையின் பிரதி என் மேசைக்கு வந்தது. 'நாலாவது கிளிப்பைப் பொருத்தாமல் இறங்கியிருக்கிறார், சொந்த அஜாக்கிரதை, வளைவுக்குத் தகுதி இல்லை.' என் மச்சானா அஜாக்கிரதை. படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது, ஐயா. பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. ஒரு நல்ல மனிதருடைய பெயரை இப்படியா கெடுப்பது. அவர் நாலையும் தட்டிப் பார்த்தார், நான் கண்ணால் பார்த்தேன். எடுத்தது நான். கொன்றது நான். நிதானமாகத் தட்டச்சு செய்யுங்கள், எழுத்துப் பிழை இருக்கக் கூடாது. விதிப் புத்தகத்தை வரிக்கு வரி பார்த்துவிட்டேன், அடுத்தவர் கையால் இறந்தால் வளைவு கிடையாது என்று எங்கேயும் இல்லை. வேலையில் இறந்தார், பாலம் நிற்கிறது, அஜாக்கிரதை இல்லை. உங்கள் அறிக்கையைத் திருத்தினால் ஐந்தாவது வளைவு தானாக வந்துவிடும். அதுதான் காலையிலிருந்து எனக்கு இந்தத் துள்ளல். இனிமேல் யாரும் எங்களைப் பார்த்துக் கன்னத்தில் கை வைக்க முடியாது.

என்னை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் வையுங்கள். ஜன்னல் திறக்காத அறை எனக்குப் பழக்கம்தான். போவதற்கு முன்னால் ஒரே ஒரு உதவி. அந்தத் துண்டையும் ஒரு ஊசியையும் இரண்டு நிமிஷம் என்னிடம் கொடுங்கள், தங்க நூல் என் பையில் இருக்கிறது. உங்கள் தோள் சின்னத்தையும் அப்படியே சரிசெய்து தந்துவிடுகிறேன். நடுக்கல்லில் ஐம்பத்து மூன்றுதான் இருக்கிறது, இன்னும் ஒன்று போட வேண்டும். நல்லபடியாக வாழ்ந்த ஒரு மனிதருடைய ஆயுசில் ஒரு வருஷத்தைக் குறைப்பது பாவம் இல்லையா, ஐயா.